அம்மாவுக்குத் தோள் எலும்பு முறிவு: கட்டு இல்லை, வெறும் ஸ்லிங் போதுமா?

பொருநை | ஏப்ரல் 20, இரவு 10.42

வணக்கம். பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 64 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. வெள்ளிக்கிழமை காலை வாசல் தெளித்துவிட்டுத் திரும்பும்போது ஈரத்தில் வழுக்கி வலப்பக்கமாக விழுந்துவிட்டார். எக்ஸ்ரேயில் வலது மேல்கை எலும்பு, தோளுக்குச் சற்றுக் கீழே முறிந்திருக்கிறது. "எலும்பு அதிகம் விலகவில்லை, ஆபரேஷன் வேண்டாம். மூன்று வாரம் கையைத் தொங்கவிட்டு இருக்கட்டும், பத்து நாளில் மறுபடி எக்ஸ்ரே எடுப்போம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாவுக்கட்டுகூட இல்லை. ஆஸ்பத்திரி எதிரே மருந்துக்கடையில் நீலக்கலர் ஆர்ம் பவுச் (கையைத் தாங்கிக் கழுத்தில் மாட்டும் பை, ஸ்லிங்கில் ஒரு வகை) ஒன்று 280 ரூபாய்க்கு வாங்கி மாட்டிக் கூட்டிவந்தோம்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "எலும்பு ஒடஞ்சிருக்கு, கட்டே போடாம அனுப்பிட்டாங்களா?" என்று கேட்டுக் கேட்டு அம்மாவைப் பயமுறுத்துகிறார்கள். சித்தி நாளைக்கே கட்டு வைத்தியரிடம் கூட்டிப்போகணும் என்கிறாள். துபாயில் இருக்கும் அண்ணன் பிளேட் வைத்துவிடலாம் என்கிறான். அம்மாவுக்கோ கழுத்து வலி, தூக்கமில்லை. நேற்றிலிருந்து புறங்கை வீங்கிக்கொண்டு வருகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மலைக்கோட்டை | ஏப்ரல் 20, இரவு 10.58

மற்றதெல்லாம் அப்புறம். அந்தக் கையில் மோதிரம், வளையல் இருக்கிறதா? இருந்தால் இப்போதே கழற்றுங்கள். வீக்கம் ஏறிவிட்டால் தட்டான் கடையில் வெட்டித்தான் எடுக்கணும். என் மாமியாருக்கு அப்படித்தான் ஆனது, கல்யாண மோதிரம், அழுதே தீர்த்தார்கள்.

பொருநை | ஏப்ரல் 20, இரவு 11.35

வளையலைச் சோப்புப் போட்டுக் கழற்றிவிட்டேன். மோதிரம் நகரவே இல்லை. நூலை மோதிரத்துக்கு அடியில் விட்டு, விரலின் கணு தாண்டும்வரை நெருக்கமாகச் சுற்றி, அடி நுனியைப் பிடித்துப் பிரித்துக்கொண்டே வந்தால் மோதிரமும் கூடவே நகரும் என்று எங்கேயோ படித்த ஞாபகம். தையல் நூலில் செய்தேன். வந்துவிட்டது! நன்றி.

வேலிகாத்தான் | ஏப்ரல் 21, காலை 6.15

சகோதரி, என் பெரியப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கம்பி வைக்கணும் என்றார்கள். புத்தூர் போய் முட்டை வெள்ளைக்கரு, பச்சிலை வைத்து மூங்கில் சிம்புக் கட்டுப் போட்டு வந்தார். இன்றைக்கும் வயலுக்கு நடந்து போகிறார். கட்டே போடாமல் எலும்பு எப்படி ஒட்டும்? யோசியுங்கள்.

இயன்முறை | ஏப்ரல் 21, காலை 7.50

மதுரையில் பதினாலு வருடமாகப் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். உங்கள் டாக்டர் படம் பார்த்துச் சொன்னதுதான் முதல் வார்த்தை, நான் சொல்வது அதற்குப் பின்னால்தான்.

கட்டு ஏன் போடவில்லை என்பதை அம்மாவுக்கு இப்படிச் சொல்லுங்கள். ஓர் எலும்பை அசையாமல் பிடிக்க வேண்டுமென்றால் அதற்கு மேல் மூட்டு, கீழ் மூட்டு இரண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும். முன்கை என்றால் முடியும். தோளுக்குப் பக்கத்தில் முறிந்தால் மேல் மூட்டே தோள்தான். அதை மாவுக்கட்டுக்குள் கொண்டுவர நெஞ்சையும் சேர்த்துக் கட்டணும். 64 வயதில் அது தண்டனை. அந்த இடத்தில் எலும்பைச் சுற்றித் தசை நிறைய, ரத்த ஓட்டமும் நன்றாக இருக்கும், தானாகவே ஒட்டும் இடம் அது. ஸ்லிங்கின் வேலை எலும்பை ஒட்டவைப்பது இல்லை. கையின் எடையை வாங்கிக்கொள்வது, வலியைக் குறைப்பது, தெரியாத்தனமாகக் கையைத் தூக்காமல் நினைவூட்டுவது, அவ்வளவுதான்.

ஒரு மனிதரின் கை முழுவதும் உடல் எடையில் ஏறக்குறைய 5 சதவீதம். 60 கிலோ ஆள் என்றால் 3 கிலோ. மூன்று கிலோ அரிசிப் பையை நாள் முழுக்கக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எப்படியிருக்கும்? கழுத்து வலி அதனால்தான். பட்டை அகலமாக இருக்கணும், பின்கழுத்து எலும்பின் மேல் உட்காராமல் எதிர்த் தோள் பக்கம் சரிந்து உட்காரணும். மெத்தென்று ஒரு கைக்குட்டையை மடித்து அடியில் வையுங்கள்.

புறங்கை வீக்கம்தான் எனக்கு உறுத்துகிறது. பவுச்சில் கை எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். முழங்கை பையின் பின்மூலையில் போய் இடிக்கிறதா, இல்லை இடைவெளி இருக்கிறதா? மணிக்கட்டு உள்ளே இருக்கிறதா, வெளியே தொங்குகிறதா? தோள் காதை நோக்கி ஏறியிருக்கிறதா?

விரல் நுனி நீலமாக, ஜில்லென்று ஆனாலோ, மரத்துப்போனாலோ, விரலை நீட்டி மடக்க முடியாவிட்டாலோ இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் நேராக ஆஸ்பத்திரி.

பொருநை | ஏப்ரல் 21, காலை 9.20

நன்றி சார். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முழங்கைக்குப் பின்னால் நாலு விரல்கடை இடைவெளி. கை முழுக்க முன்னால் நழுவி, மணிக்கட்டு பைக்கு வெளியே சேவல் தலை மாதிரி தொங்குகிறது. தோள் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறது. கடைக்காரர் "இறுக்கமாப் போட்டாத்தான் சேரும்" என்று பட்டையை நன்றாக இழுத்துவிட்டார். விரல்கள் சூடாக இருக்கின்றன, அசைக்கிறார், மரத்துப்போகவில்லை.

இயன்முறை | ஏப்ரல் 21, காலை 9.41

சார் இல்லை, அக்கா :)

நினைத்தேன். மணிக்கட்டு தொங்கினால் நீரெல்லாம் கைக்குத்தான் இறங்கும். பட்டையைத் தளர்த்திவிட்டு, அம்மாவை உட்காரவைத்து, முதலில் முழங்கையைப் பையின் மூலைக்குக் கொண்டுபோங்கள். அதற்குப் பிறகுதான் பட்டை. சுண்டுவிரலின் கடைசிக் கணு வரை பைக்குள் தாங்கியிருக்கணும், விரல் நகங்கள் மட்டும் வெளியே தெரியணும். கை முழங்கையைவிட ஒரு மயிரிழை மேலே. அவ்வளவு நீளம் பைக்கு இல்லையென்றால் சைஸ் தப்பு, மாற்றுங்கள்.

அடுத்தது முக்கியம். காறை எலும்பு (கழுத்தடியிலிருந்து தோள் வரை போகிற எலும்பு) முறிவுக்கு முழங்கையைக் கீழிருந்து தாங்கிப் பிடிக்கிற பை நல்லது, கையின் கனம் அந்த எலும்பை இழுக்காது. மேல்கை எலும்பு முறிவில் கதை வேறு. முழங்கையை மேலே தள்ளினால் முறிந்த கீழ்த்துண்டும் மேலே போய் இடிக்கும். அதனால் நிறைய டாக்டர்கள் காலர் அண்ட் கஃப் தருவார்கள். கழுத்தில் ஒரு வளையம், மணிக்கட்டில் ஒரு வளையம், நடுவில் ஒரே பட்டை. முழங்கை அந்தரத்தில் தொங்கும், கையின் கனமே எலும்பை மெல்ல நேராக்கும். "கையைத் தொங்கவிட்டு" என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அவர் அதைத்தான் சொன்னாரா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். கடையில் ஸ்லிங் என்று கேட்டால் பவுச்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

புல்லட்_பாண்டி | ஏப்ரல் 21, மதியம் 1.05

அக்கா சொன்ன காறை எலும்பு கேஸ் நான்தான். போன வருடம் பைபாஸில் நாய் குறுக்கே வந்து விழுந்தேன். முதலில் போன இடத்தில் முதுகில் எட்டு மாதிரி குறுக்கே போகும் பெல்ட்டைப் போட்டு, "தோளைப் பின்னால் இழுத்தால்தான் எலும்பு நேராகும்" என்று சொல்லி இறுக்கி அனுப்பினார்கள். மூன்று நாள் நரகம். அக்குளில் தோல் உரிந்து, விரல் எல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி. வேறு டாக்டரிடம் போனேன், அதைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சாதாரண ஸ்லிங் மாட்டினார். அன்றைக்குத்தான் தூங்கினேன். எலும்பு ஒட்டிவிட்டது. ஒட்டின இடத்தில் நெல்லிக்காய் அளவு முட்டு மட்டும் இருக்கிறது, சட்டை போட்டால் தெரியாது.

இயன்முறை | ஏப்ரல் 21, மதியம் 1.30

அந்த எட்டுப் பட்டையையும் சாதாரண ஸ்லிங்கையும் ஒப்பிட்டு ஆய்வுகள் வந்திருக்கின்றன. எலும்பு சேர்வதில் பெரிய வித்தியாசம் இல்லை, ஸ்லிங் போட்டவர்களுக்குத் தொந்தரவு குறைவு. பழக்கத்தில் இன்னும் போடுகிறார்கள். பாண்டி, வண்டி ஓட்டாமல் இருந்தீர்களா?

புல்லட்_பாண்டி | ஏப்ரல் 21, மதியம் 1.34

அடுத்த கேள்வி ப்ளீஸ்.

சாரணர்_வாத்தியார் | ஏப்ரல் 21, மாலை 6.20

ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். முப்பது வருடம் பள்ளியில் சாரணர் படை நடத்தியவன். கடைக்குப் போகும்வரை, ஆம்புலன்ஸ் வரும்வரை என்ன செய்வது என்று யாரும் எழுதவில்லையே என்று எழுதுகிறேன்.

ஏறக்குறைய ஒரு மீட்டர் சதுரத் துணியைக் குறுக்கே வெட்டினால் இரண்டு முக்கோணம். வேட்டி, பழைய சேலை, எதுவானாலும் சரி. முக்கோணத்தின் கூர்முனை அடிபட்ட கையின் முழங்கைப் பக்கம். ஒரு நுனி நல்ல தோளுக்கு மேல் போய்க் கழுத்தைச் சுற்றி வரணும். மற்ற நுனியைக் கைக்கு வெளிப்புறமாக மேலே கொண்டுபோய் முதல் நுனியோடு முடிச்சுப் போடணும். முடிச்சு கழுத்தின் பக்கவாட்டுப் பள்ளத்தில் இருக்கணும், பிடரியில் இருக்கக் கூடாது. முழங்கைப் பக்கம் மிஞ்சும் மூலையை முறுக்கி உள்ளே செருகினால் பை தயார். பையன்கள் எப்போதும் அந்த மூலையை மறந்துவிடுவார்கள், முழங்கை பின்னால் வழுக்கிக்கொண்டு போகும். அந்த அம்மாவின் பவுச்சில் நடந்தது அதற்கு எதிர், கை முன்னால் நழுவியது.

சாரணர் கழுத்தில் கட்டும் ஸ்கார்ஃப் சும்மா அழகுக்கு இல்லை, அவசரத்துக்கு அதுவே கைக்கட்டு. முக்கோணத் துணியைப் போர்க்களத்துக்குக் கொண்டுபோய்ப் பரப்பியவர் ஜெர்மனியின் ராணுவ அறுவை மருத்துவர் எஸ்மார்க், 19ஆம் நூற்றாண்டுக்காரர். துணியின் மேலேயே எப்படிக் கட்டுவது என்று சிப்பாய்களின் படங்களை அச்சடித்துவிட்டார்! படிப்பறிவில்லாதவனும் பார்த்துக் கட்டலாம். இன்றைக்கு 280 ரூபாய்ப் பவுச்சில் ஒரு படம் போட யாருக்கும் தோன்றவில்லை.

துணியே இல்லையா? சட்டையின் கீழ் ஓரத்தை மேலே மடித்து, கையை அதற்குள் வைத்து, நெஞ்சருகே ஊக்கு குத்துங்கள். இல்லையென்றால் நடுவில் ஒரு பட்டனைக் கழற்றி அதன் வழியே கையை உள்ளே நுழைத்துவிடுங்கள். முழங்கையை மடக்க முடியாமல் வலித்தால் மடக்கவே வேண்டாம், இருக்கிற நிலையிலேயே தலையணை வைத்துத் தாங்கி 108ஐக் கூப்பிடுங்கள். தோள் நழுவியிருந்தால் சினிமாவில் வருகிற மாதிரி இழுத்துச் சேர்க்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

ஊசிநூல் | ஏப்ரல் 21, இரவு 8.10

நான் தையல்காரி, ஆஸ்பத்திரி விஷயம் தெரியாது. ரவிக்கை எப்படிப் போடுகிறார்கள் அம்மா? என்னிடம் இந்த மாதிரி நிறையப் பேர் வருவார்கள். பழைய ரவிக்கை இரண்டைக் கொடுங்கள் என்பேன். அடிபட்ட பக்கத்துக் கையின் அடித்தையலிலிருந்து அக்குள் வழியாக இடுப்பு வரை பிரித்துவிட்டு, நாடா வைத்து முடிச்சுப் போடுகிற மாதிரி தைத்துவிடுவேன். கையைத் தூக்கவே வேண்டாம், போர்த்தி முடிச்சுப் போட்டால் முடிந்தது. முன்பக்கம் திறக்கிற நைட்டியும் நல்லதுதான். எதைப் போட்டாலும் அடிபட்ட கை முதலில் உள்ளே போகணும், கழற்றும்போது அது கடைசியில் வரணும்.

பொருநை | ஏப்ரல் 23, இரவு 9.15

டாக்டரிடம் போன் போட்டேன். "ஆமாம்மா, காலர் அண்ட் கஃப் என்று சீட்டில் எழுதியிருக்கிறேனே" என்றார். எடுத்துப் பார்த்தால் இருக்கிறது! அந்தக் கையெழுத்தில் எனக்கும் புரியவில்லை, கடைக்காரருக்கும் புரியவில்லை. மாற்றி மாட்டிய அன்று இரவே வலி பாதி. அப்பாவின் சாய்வு நாற்காலியைப் பரணிலிருந்து இறக்கி அதில் சாய்ந்தே தூங்குகிறார், முழங்கைக்குக் கீழே சின்னத் தலையணை.

ஆனால் இன்றைக்குப் புதுப் பயம். மேல்கையிலிருந்து முழங்கை தாண்டி, மார்பின் பக்கமெல்லாம் கத்தரிக்காய் நிறத்தில் ஆகிவிட்டது. முதல் நாள் இப்படி இல்லை. சித்தி "ரத்தம் கட்டிப்போச்சு, கெட்ட ரத்தம்" என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

இயன்முறை | ஏப்ரல் 23, இரவு 9.50

சித்திக்குத் தண்ணீர் கொடுங்கள். முறிந்த இடத்தில் கசிந்த ரத்தம் தோலுக்கடியில் மெல்லக் கீழே இறங்குகிறது. நாலைந்து நாளில் முழங்கை, மார்பு, சிலருக்கு இடுப்புப் பக்கம்கூடத் தெரியும். அப்புறம் பச்சையாகி, மஞ்சளாகி மறைந்துவிடும். அம்மா ரத்தம் உறையாத மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா? அப்படியென்றால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தோளின் வெளிப்பக்கம், ஊசி போடுகிற இடத்தில் விரலால் தொட்டுப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உணர்ச்சி இருக்கிறதா என்று. அங்கே ஓடும் நரம்புக்கு அடிபட்டிருந்தால் அந்த வட்டம் மரத்திருக்கும்.

பத்து வருடச் சர்க்கரை என்பதால் இன்னொன்று. அக்குளைக் காற்றாட விடுங்கள். இந்த வெயிலில் மூடியே வைத்தால் இரண்டு நாளில் புண்தான். மேசையை நல்ல கையால் பிடித்துக்கொண்டு முன்னால் குனியச் சொல்லுங்கள். அடிபட்ட கை தானாகத் தொங்கும்போது அக்குள் திறக்கும். ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலர்த்தி, மெல்லிய பருத்தித் துணி ஒன்றை மடித்து வையுங்கள். பவுடரை அள்ளிக் கொட்டாதீர்கள், வியர்வையில் மாவாகிவிடும். விரல், மணிக்கட்டு, முழங்கை மூன்றையும் இன்றிலிருந்தே மணிக்கு ஒருமுறை நீட்டி மடக்கணும். ஸ்லிங் தோளுக்குத்தான், விரலுக்கு விடுமுறை கிடையாது.

வேலிகாத்தான் | ஏப்ரல் 23, இரவு 10.20

சேலையை மாற்றிக் கட்டுகிற மாதிரி பையை மாற்றி மாற்றி மாட்டுவதற்கு ஒரே கட்டாகப் போட்டிருக்கலாம். எங்கள் பக்கம் எத்தனை பேருக்குக் குணமாகியிருக்கிறது தெரியுமா?

மலைக்கோட்டை | ஏப்ரல் 23, இரவு 10.31

குணமாகாதவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள் அண்ணே. என் தம்பி மகன் ஏழு வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்து முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்தது. உள்ளூரில் ஒருவர் சிம்பு வைத்து இறுக்கிக் கட்டினார். பிள்ளை இரவெல்லாம் அலறியது, "கட்டு பிடிக்குது, அப்படித்தான் வலிக்கும்" என்றார்கள். மூன்றாம் நாள் பிரித்தபோது விரல் அசைவு போயிருந்தது. இன்றைக்குப் பத்தொன்பது வயது, வலது கை விரல்கள் மடங்கியே இருக்கின்றன.

இயன்முறை | ஏப்ரல் 23, இரவு 10.48

ஃபோல்க்மன் சுருக்கம் என்று பெயர். 1881லேயே அந்த ஜெர்மன் டாக்டர் எழுதிவிட்டார், இறுக்கமான கட்டுக்குள் ரத்தம் போகாமல் தசை செத்துச் சுருங்குகிறது என்று. சிம்புக் கட்டில் மட்டுமில்லை, ஆஸ்பத்திரி மாவுக்கட்டிலும் வரும். குழந்தை வலி தாங்காமல் அலறினால், விரலை லேசாக நீட்டிவிட்டாலே துடித்தால், அது கட்டைப் பிரிக்க வேண்டிய நேரம். காலைவரை காத்திருக்கக் கூடாது.

மட்டுறுத்துநர் | ஏப்ரல் 23, இரவு 11.40

கட்டு வைத்தியம் பற்றிய அடுத்தடுத்த 17 பதிவுகளைத் தனி இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். சண்டையை அங்கே தொடருங்கள். இங்கே பொருநையின் அம்மா.

பொருநை | ஏப்ரல் 29, மாலை 5.30

இரண்டாவது எக்ஸ்ரே எடுத்தாயிற்று. எலும்பு நகரவில்லை. மாத்திரை எதுவும் அந்த மாதிரி இல்லை, தோளில் உணர்ச்சி சரியாக இருக்கிறது. மெல்லக் கையை ஊசலாட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் மட்டும் விடவில்லை. அவன் எக்ஸ்ரேயை வாட்ஸப்பில் யாருக்கோ அனுப்பி, "பிளேட் வைத்தால் ஒரு மாதத்தில் பழைய மாதிரி" என்று பதில் வாங்கியிருக்கிறான்.

இயன்முறை | ஏப்ரல் 29, மாலை 6.45

அண்ணனுக்கு இதை அனுப்புங்கள். இங்கிலாந்தில் இதே இடத்தில் எலும்பு முறிந்த 250 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு ஆபரேஷன், பாதிப் பேருக்கு ஸ்லிங் என்று வைத்துப் பார்த்தார்கள். 32 ஆஸ்பத்திரிகள் சேர்ந்து செய்தது, 2015ல் வெளிவந்தது. அதுவும் எலும்பு விலகியிருந்தவர்களை வைத்து. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் கை வேலை செய்வதில் இரண்டு பக்கமும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எல்லா முறிவுக்கும் இது பொருந்தாது. எலும்பின் தலை பிளந்தால், மூட்டே நழுவினால் பேச்சு வேறு. அம்மாவுக்கு அதிகம் விலகவே இல்லையே.

ஊசலாட்டத்துக்கு வருவோம். அம்மா கோலம் போடுவாரா?

பொருநை | ஏப்ரல் 29, மாலை 6.52

மார்கழியில் பதினைந்துக்குப் பதினைந்து புள்ளி வைப்பார். அதுதான் அவருக்கு இப்போது பெரிய கவலையே.

இயன்முறை | ஏப்ரல் 29, மாலை 7.20

அப்படியென்றால் பாதிப் பாடம் தெரிந்தவர். நல்ல கையை மேசையில் ஊன்றி, இடுப்பிலிருந்து குனிந்து, ஸ்லிங்கைக் கழற்றி, கையைத் தரையை நோக்கித் தொங்கவிடணும். இப்போது தரையில் ஒரு சின்ன வட்டக் கோலம் இருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், மாவு மட்டும் கையில் இல்லை. ஆனால் கோலம் போடும்போது கை வேலை செய்யும், இதில் கை வேலை செய்யக் கூடாது. உடம்பு ஆட, அந்த ஆட்டத்தில் கை சும்மா ஆடணும், கிணற்றுக் கயிற்றில் வாளி ஆடுகிற மாதிரி. முன்னும் பின்னும், பக்கவாட்டில், அப்புறம் வட்டம். ஒரு தடவைக்கு இரண்டு நிமிடம், நாளுக்கு நாலு தடவை. பாஸ்டன் நகரில் காட்மன் என்றொரு அறுவை மருத்துவர் தோளுக்கென்றே 1934ல் ஒரு பெரிய புத்தகம் எழுதினார், இந்தப் பயிற்சிக்கு அவர் பெயர்தான். குனிந்தால் தலை சுற்றுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள்.

கணக்குப்பிள்ளை | ஏப்ரல் 29, இரவு 9.05

இது ஆபத்தான அறிவுரை. என் மனைவிக்குப் போன ஆண்டு தோளில் ஆபரேஷன். ஆறு வாரம் ஸ்லிங்கைக் கழற்றவே கூடாது, தூங்கும்போதும் கழற்றக் கூடாது என்று எழுதியே கொடுத்தார்கள். இடுப்புக்கும் கைக்கும் நடுவில் ஒரு தலையணை வேறு. பத்தாம் நாளில் ஆட்டச் சொல்கிறீர்களே, ஒட்டுகிற எலும்பு விட்டுப்போனால் யார் பொறுப்பு?

இயன்முறை | ஏப்ரல் 29, இரவு 9.40

உங்கள் மனைவிக்குக் கிழிந்த தசைநாரை எலும்போடு தைத்திருப்பார்கள். தையல் பிடிக்க வாரங்கள் ஆகும், அதற்குள் இழுத்தால் பிய்ந்துவிடும். அதனால்தான் அந்தத் தலையணை, அதனால்தான் ஆறு வாரம். அவர்கள் சொன்னது முழுக்கச் சரி. மாட்டியிருக்கிற பை ஒன்றாக இருக்கலாம், உள்ளே அடிபட்டது ஒன்றில்லையே. தோள் நழுவியவருக்கு ஒரு கணக்கு, அதிலேயே இருபது வயதுக்காரருக்கும் ஐம்பது வயதுக்காரருக்கும் வேறு வேறு. சின்ன வயதில் மறுபடி நழுவும் என்று பயப்படுவோம், வயதானால் இறுகிப்போகும் என்று பயப்படுவோம். முழங்கையில் சின்னக் கீறல் முறிவு என்றால் சில நாளிலேயே கழற்றச் சொல்வோம், ஏனென்றால் முழங்கை மாதிரி சீக்கிரம் இறுகிப்போகும் மூட்டு வேறில்லை.

சர்க்கரைக்காரர்களுக்கு அடிபடாமலே தோள் இறுகும். அப்படிப்பட்டவருக்கு ஆறு வாரம் கட்டிவைத்தால் எலும்பு அழகாக ஒட்டியிருக்கும், கை காது வரைகூடப் போகாது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ஸ்லிங் போடாமல் கெட்டவர்கள் இல்லை, கழற்றாமல் கெட்டவர்கள். ஒருவர் நாலு மாதம் கழித்து வந்தார், நீலப்பை வெளுத்து வெள்ளையாகிவிட்டது. "யாரும் கழற்றச் சொல்லவில்லையே" என்றார். உண்மைதான், யாரும் சொல்லவில்லை. மாட்டுகிற தேதியை எழுதுகிறார்கள், கழற்றுகிற தேதியை எழுதுவதில்லை.

கணக்குப்பிள்ளை | ஏப்ரல் 29, இரவு 10.02

சரி. தசைநார் தையல்தான், மறந்துவிட்டேன். வாபஸ்.

பொருநை | மே 12, காலை 11.10

மூன்று வாரம் முடிந்து டாக்டரைப் பார்த்தோம். வீட்டுக்குள் கழற்றலாம், வெளியே கூட்டத்தில் போகும்போது மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள் என்றார். அம்மாவுக்குக் கழற்றவே பயம். உட்கார்ந்தால்கூட நல்ல கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே இருக்கிறார், யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல. நேற்றுப் பேருந்தில் மாட்டிக்கொண்டுதான் போனோம். ஏறினதும் ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான். "பாத்தியா, இதுக்காகவாவது இருக்கட்டும்" என்கிறார்.

புல்லட்_பாண்டி | மே 12, காலை 11.25

அம்மா சொல்வதும் நியாயம்தானே. வெளியில் அது ஒரு போர்டு, 'இடிக்காதே' என்று. என் ஆபீஸில் ஒருத்தர் தோளில் தட்டிப் பேசுகிறவர், ஸ்லிங்கைப் பார்த்தால்தான் மற்றப் பக்கம் தட்டுவார்.

செங்காந்தள் | மே 12, மதியம் 2.40

நடுவில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கை செயலிழந்து தொங்குகிறது. தோளில் ஒரு விரல் நுழைகிற அளவு பள்ளம். நாள் முழுக்க ஸ்லிங் போட்டுவைத்தால் சரியாகுமா?

இயன்முறை | மே 12, மாலை 4.15

நாள் முழுக்க வேண்டாம். நடக்கும்போது, நிற்கும்போது மட்டும் போடுங்கள், தொங்கும் கனம் தோளை இழுக்காமல் இருக்கும். உட்கார்ந்தால் கழற்றி, தலையணையிலோ மேசையிலோ கையை விரித்து வையுங்கள். மடக்கியே வைத்தால் மடங்கியே இறுகும். முக்கியமாக, எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம் என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோ செய்கிறார்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். தனி இழை தொடங்கினால் விரிவாக எழுதுகிறேன்.

பொருநையின் அம்மாவுக்கு: பகலில் அரை மணி கழற்றட்டும், நாளைக்கு ஒரு மணி. பிடித்துக்கொள்கிற கைக்கு ஒரு வேலை கொடுங்கள். வெங்காயம் உரிக்கச் சொல்லுங்கள், இரண்டு கையும் வேண்டும்.

பொருநை | ஜூன் 2, இரவு 8.30

ஆறு வாரம். எக்ஸ்ரேயில் முறிந்த இடத்தைச் சுற்றிப் புது எலும்பு மேகம் மாதிரி தெரிகிறது. ஸ்லிங் முழுதாகப் போய்விட்டது. கை தோள் உயரத்துக்கு வருகிறது, அதற்கு மேல் பாதியில் நிற்கிறது. சுவரில் விரல்களால் ஏறுகிற பயிற்சி கொடுத்திருக்கிறார்கள், அம்மா தினமும் எட்டின இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வைக்கிறார். வெள்ளையடித்த சுவர்! சர்க்கரையையும் கண்டிப்பாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். வெங்காயம் இந்த மாதம் கிலோ கணக்கில் செலவு.

ஊசிநூல் | ஜூன் 2, இரவு 9.00

ரவிக்கையைத் திரும்ப மூடித் தைக்கணுமா?

பொருநை | ஜூன் 2, இரவு 9.04

இப்போது வேண்டாம் அக்கா, "காத்தோட்டமா இருக்கு" என்கிறார்.

பொருநை | ஜூலை 6, காலை 7.45

கேட்டவர்களுக்காக ஒரு செய்தி. பின்னால் கையைக் கொண்டுபோய்க் கொண்டை போட இன்னும் முடியவில்லை, நான்தான் போட்டுவிடுகிறேன். அஞ்சறைப்பெட்டி இருக்கும் அலமாரியின் இரண்டாவது தட்டு எட்டுகிறது. சுவரில் இருபத்தாறு கோடு. இன்றைக்குக் காலை நான் எழுவதற்குள் வாசலில் ஏழு புள்ளிக் கோலம், ஒரு பக்கம் கொஞ்சம் கோணல். தெளித்த வாசலில் ஏன் தனியாகப் போனாய் என்று கத்தினேன், அதற்குப் பதிலே இல்லை. அந்த 280 ரூபாய்ப் பவுச் மொட்டைமாடிக் கொடியில் தொங்குகிறது, துணி கிளிப் போட்டு வைக்க.

வைகைநிலவன் | ஜூலை 6, மாலை 6.10

புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். இழை முழுக்கப் படிக்க நேரமில்லை. மனைவி மாடிப்படியில் விழுந்து காறை எலும்பு முறிவு. பவுச் வாங்கி மாட்டிவிட்டேன், ஆனால் கை வீங்குகிறது. சைஸ் எல் போதுமா?

இயன்முறை | ஜூலை 6, மாலை 6.25

மோதிரம் கழற்றியாயிற்றா? முழங்கைக்குப் பின்னால் எத்தனை விரல்கடை இடைவெளி?